ஆளுக்கு ஓர் இடத்தில் வலி

மாலையில் வேலூர் கோட்டை மைதானத்தில் பந்து உருளத் தொடங்கினால் ஏழாம் வகுப்புப் பையனும் துரத்துவான், வேலை முடிந்து வந்த நாற்பது வயதுக்காரரும் துரத்துவார். நொண்டிக்கொண்டு வீடு திரும்பும்போது மட்டும் ஆளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

காரணம் எளிது. தசை இழுக்கிறது, தசைநாண் என்ற கயிறு அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகிறது. இழுப்பு மீறினால், எது நொய்ந்திருக்கிறதோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். எது நொய்ந்தது என்பது வயதைப் பொறுத்தது.

பத்திலிருந்து பதினைந்து வயதுவரை நொய்ந்தது எலும்பின் முனைதான். முட்டிச் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கணைக்கால் எலும்பில் ஒட்டும் இடம் அப்போது இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. எலும்பு மளமளவென்று நீள்கிறது. தொடைத்தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விறைத்து நிற்கிறது. ஒவ்வோர் உதையும் ஒவ்வொரு குதியும் அந்தக் குருத்தைப் பிடுங்கிப் பார்க்கிறது. முட்டிக்குக் கீழே நோகும், மேடு தட்டும். 1903-இல் இதைத் தனித்தனியே விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிறார்கள். குதிகாலிலும் இதே கதை நடக்கும். அதற்கு செவர் நோய் என்று பெயர். ‘வளர்ற வலிடா’ என்று பாட்டி சொல்வது பாதி சரி. எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதுதான் தப்பு. ஏற்கெனவே புண்பட்ட இடத்தை அது மேலும் நோகடிக்கும். ஓட்டத்தையும் குதிப்பையும் சில வாரம் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மேடு மட்டும் சிலருக்குக் கடைசிவரை இருக்கும். இரவிலும் வலி விடாமல் இருந்தாலோ, காலே ஊன்ற முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

எலும்பு முற்றியதும் சுமை, முட்டிக்குள் தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டும் ஏ.சி.எல். தசைநாருக்கு மாறுகிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் போதும், யாரும் மோதாமலே அது அறுந்துவிடலாம். பதின்வயதுப் பெண்களுக்கு இந்த ஆபத்து பையன்களைவிட அதிகம்.

இருபதுகளில் தொடையின் பின்தசை. முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் வீசிய காலுக்கு அதுதான் பிரேக். நீண்டுகொண்டே இறுகவேண்டிய அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. முட்டி போட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாயும் பயிற்சி தசைக்கு அந்த வேலையையே பழக்குகிறது. செய்துவந்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பையன்கள் அதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஷூ கயிற்றைக் கட்டினால் வார்ம்-அப் முடிந்துவிடுகிறது.

நாற்பதை நெருங்குகிறவருக்குக் கயிறே நைந்துபோகிறது. வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை திடீர் ஓட்டம். குதிகாலுக்கு மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து எவனோ உதைத்துவிட்டான் என்று திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் பெஞ்சு விளிம்புக்கு வெளியே தொங்க, கெண்டைக்காலைப் பிசைந்து பாருங்கள். பாதம் அசையவில்லை என்றால் குதிகால் தசைநாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சுளுக்கு எடுப்பவரைத் தேடாமல் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.