உங்கள் மடிக்கணினிக்கு எத்தனை நாள் வேலை வேண்டும்?

2010 ஆகஸ்டில் வானியலாளர்கள் ஒரு புதிய பல்சாரை அறிவித்தார்கள். விநாடிக்குச் சுமார் 41 முறை சுழலும் விண்மீன் அது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் ஒளிந்திருந்த அதைக் கண்டெடுத்தவை தன்னார்வலர்கள் இருவரின் கணினிகள். ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியுடையது, இன்னொன்று ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தவர் ஒருவருடையது. பல்சார் போன்றவற்றைப் பொதுமக்களின் கணினிகளைக் கொண்டு தேடும் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்துக்கு அவர்கள் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுத்திருந்தார்கள். ஒரே விண்மீனை எப்படி இரண்டு கணினிகள் கண்டுபிடித்தன? இது புரிந்துவிட்டால், மன்னார்குடியிலோ திருவாரூரிலோ சும்மா கிடக்கும் ஒரு மடிக்கணினியை இந்த வேலைக்கு எப்படி அமைப்பது என்பதும் புரிந்துவிடும்.

இத்தகைய திட்டங்கள் பலவும் ஓடுவது பாயிங்க் (BOINC) என்ற இலவச மென்பொருளில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி ஊர் ஊராக அனுப்புவதுதான் அதன் வேலை. அந்தத் துண்டுக்குப் பெயர் வொர்க் யூனிட். வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேட 1999-ல் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' (SETI@home) திட்டத்தில் ஒரு துண்டு சுமார் 350 கிலோபைட். வானத்திலிருந்து வந்த 107 விநாடி ரேடியோ சமிக்ஞை, அதிலும் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கீற்று மட்டும். இந்தத் துண்டை அலச, பக்கத்துத் துண்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலையைப் பிரிக்க முடிகிறது.

எல்லாக் கணக்கையும் இப்படி வெட்ட முடியாது. நாளை நாகப்பட்டினத்தில் மழை பெய்யுமா என்று கணிக்கும் மாதிரியில், வரைபடத்தைப் பிரித்த ஒவ்வொரு சிறு கட்டமும் பக்கத்துக் கட்டத்தின் காற்றையும் ஈரப்பதத்தையும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்தால் கணிப்பதைவிட இணையத்தில் காத்திருக்கும் நேரமே அதிகமாகும். ஆக்ஸ்போர்டின் 'கிளைமேட்பிரடிக்‌ஷன்' திட்டம் வேறு வழி பிடித்தது. முழுப் பூமியின் காலநிலை மாதிரியையும் ஒரே கணினிக்குக் கொடுத்தார்கள். அடுத்தவருக்கும் அதே மாதிரிதான், ஆனால் மேகம் உருவாவது போன்ற சில அளவுகளைக் கொஞ்சம் மாற்றி. அங்கே ஒரு துண்டு வாரக்கணக்கில் ஓடும். ஆகவே சேரும் முன், அந்தத் திட்டத்தின் துண்டு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் கணினிக்கு இந்த நீளம் ஒத்துவராது.

சரி, இரண்டு கணினி விஷயம். முன்பின் தெரியாத ஒருவரின் கணினி தரும் விடையை எப்படி நம்புவது? சூடேறிய நினைவகம் ஒரே ஒரு பிட்டை மாற்றிவிட்டால் போதும், கணக்கு தப்பாகிவிடும். அதனால் சர்வர் ஒரே துண்டின் பிரதிகளை இருவருக்கு அனுப்புகிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்கும். அயோவாவும் மைன்ஸும் அப்படி அமைந்த இணை. ஒருவர் கெடு தவறினால் சர்வர் மூன்றாவதாக ஒரு பிரதியை வேறு யாருக்காவது அனுப்பும். வேலையை முடித்தவர் அதுவரை காத்திருக்க வேண்டும். சில திட்டங்கள், தொடர்ந்து சரியான விடை தரும் கணினிகளுக்கு இந்த இரட்டைச் சோதனையைப் பெரும்பாலும் தளர்த்திவிடுகின்றன.

இப்போது அமைப்புகள். எத்தனை நாளுக்கான வேலையைக் கையிருப்பில் வைப்பது என்பதுதான் இதில் முக்கியம் என்பேன். புதிதாகச் சேர்பவர்கள் ஆர்வத்தில் பத்து நாள் என்று போட்டுவிடுகிறார்கள். நாற்றங்காலில் பறித்த நாற்று முடிகளை அன்றைக்கு நட ஆள் இருக்கும் அளவுக்குத்தான் வயலுக்குக் கொண்டுபோவோம், மிஞ்சியது வாடிப்போகும். இங்கேயும் அதே கதைதான்: ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. உங்கள் கணினி ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பழைய பழக்கத்தை வைத்துத்தான் பாயிங்க் கணிக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போவது அதற்குத் தெரியாது. குறைந்தபட்சக் கையிருப்பு 0.1 நாள், அதற்கு மேல் கூடுதலாக 0.5 நாள் என்று வைத்தால் பெரும்பாலும் போதும்.

அடுத்தது மின்வெட்டு. கணக்கு ஓடும்போது அவ்வப்போது அதுவரையான நிலையை வட்டில் எழுதி வைக்கும். இதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரண்ட் போனால், கடைசிச் செக்பாயின்டுக்குப் பிறகு செய்ததெல்லாம் போச்சு. பாயிங்க் பட்டியலில் ஒரு டாஸ்கை (உங்களுக்கு வந்த துண்டை) தேர்ந்தெடுத்து அதன் விவரங்களைத் திறந்தால், செக்பாயின்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். அந்த எண் மணிக்கணக்கில் இருந்தால், அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு அந்தத் திட்டம் வேண்டாம். மடிக்கணினி என்றால் பேட்டரிக்கு மாறியதும் கணக்கை நிறுத்தும் அமைப்பு உண்டு. கூடவே, நிறுத்திய டாஸ்கை நினைவகத்திலேயே வைத்திருக்கச் சொல்லும் அமைப்பையும் டிக் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு சிக்கல். சார்ஜருக்கு மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால், கரண்ட் போனது மடிக்கணினிக்குத் தெரியவே தெரியாது. கணக்கு முழு வேகத்தில் ஓடி, இரவு மின்விசிறிக்கு வேண்டிய இருப்பைத் தின்றுவிடும். இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் சார்ஜரைச் செருகுங்கள்.

அப்புறம் வெக்கை. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் அறையே கொதிக்கும். செயலியைக் கட்டுப்படுத்த இரண்டு அமைப்புகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. 'செயலி நேரத்தில் இத்தனை சதவீதம்' என்றால் கணக்கு ஓடி நின்று, ஓடி நின்று போகும். சூடும் ஏறி இறங்கும். 'செயலிகளில் இத்தனை சதவீதம்' என்பதில் 50 என்று வைத்தால் எட்டில் நான்கு மட்டும் நிதானமாக ஓடும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். மின் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்: 40 வாட் இழுக்கும் மடிக்கணினி நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 58 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 2016-ல் வீடுகளுக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அது. இரவில் மட்டும் ஓடும்படி நேரம் குறித்துவிட்டால் பில்லும் குறையும், சூடும் குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால், ப்ராஜெக்ட்ஸ் பக்கத்தில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு அணைக்கலாம். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரும்பாலான கெடுக்கள் அவ்வளவு நாள் பொறுக்காது. முடிக்க நேரமில்லை என்று தெரிந்தால் 'அபார்ட்' கொடுத்து, இணையம் இருக்கும்போதே 'அப்டேட்' அழுத்திவிடுங்கள். கெடு முடியும்வரை காத்திருக்காமல், சர்வர் அந்தத் துண்டை உடனே இன்னொருவருக்கு அனுப்பிவிடும்.