அவஸ்தைப்பூசுதல்

"ஃபாதரை வரச் சொல்லட்டுமா?" என்று நர்ஸ் கேட்டதும் பழைய கத்தோலிக்க வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார்கள். நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசி வேண்டும் சடங்கு இது; அந்தப் பயத்தில் அவஸ்தைப்பூசுதல் என்ற அதன் பழைய பெயருக்கும் பங்கு உண்டு.

வடமொழியில் அவஸ்தா என்றால் வெறும் 'நிலை'. சைவ சித்தாந்தம் அவத்தை ஐந்து என்கிறது; நனவு, கனவு, உறக்கம் எல்லாம் அதில் சேர்த்தி. வலி எங்கும் இல்லை. பேச்சுத் தமிழில்தான் அது படும்பாடாகச் சுருங்கியது. பஸ் நெரிசலும் அவஸ்தை, உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பதும் அவஸ்தை. பூசுதலோடு ஒட்டிக்கொண்டது இரண்டாவது.

லத்தீனில் இதற்கு 'எக்ஸ்த்ரேமா ஊன்க்சியோ', அதாவது கடைசிப் பூசுதல் என்று பெயர். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல் என வாழ்க்கையில் வரும் எண்ணெய்ப் பூசுதல்களில் இது கடைசி என்று ஒரு விளக்கம் உண்டு. மக்கள் காதில் விழுந்ததோ கடைசி மூச்சு. இத்தனைக்கும் இதற்கு மூலமான பைபிள் வசனம், யாக்கோபு 5:14, நோயாளி சபை மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்கிறதே தவிர, சாகக் கிடப்பவர் என்று சொல்லவில்லை. 1963-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமல்ல என்றது. 1972-இல் போப் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தினார். தமிழில் இன்று நோயில்பூசுதல். நல்ல மாற்றம். பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது நேரம். பூசுவது நெற்றியிலும் கைகளிலும், நினைவிழந்தவருக்கும் பூசலாம். ஆனால் கூடவே வரும் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது ஃபாதரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்வதற்கு, நோயாளி பேச வேண்டும்; நற்கருணை அப்பத்துக்கு விழுங்க வேண்டும். வென்டிலேட்டர் குழாய் போட்டபின் ஃபாதர் வந்தால் இரண்டுமே நடக்காது. குழாய்க்கு முன்னால் அழைத்து, திரையை இழுத்துவிட்டு, சொந்தக்காரர்களைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்தினால் போதும். இறந்தபின் பூசுவதில்லை.

அட்மிஷன் படிவத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதியிருப்பது இதற்கெல்லாம் போதாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்துக்கு இது திருவருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு, அல்ல. அவர்கள் போதகர் வந்து ஜெபிப்பார், கேட்டால் திருவிருந்து (நற்கருணைக்கு அவர்கள் சொல்லும் பெயர்) கொடுப்பார். பெந்தெகொஸ்தே பாஸ்டரும் எண்ணெய் பூசுவார், குணமாக வேண்டும் என்று. அவர்களிலேயே மருந்தை ஒதுக்கும் சில குழுக்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், அதைச் சொல்லும் அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பார்கள். (தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை ஏற்காததால் மற்ற சபைகள் பலவும் அவர்களைத் தம்மோடு சேர்ப்பதில்லை, ரத்த வங்கிக்கு அந்த வழக்கு தேவையில்லை.) பிறந்த குழந்தை தவித்தால் கத்தோலிக்கர் உடனே திருமுழுக்கு கேட்பார்கள்; அவசரத்துக்கு நர்ஸே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். பாப்டிஸ்ட் வீட்டில் அதைச் செய்தால் சண்டைதான், அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை.

ஆகவே "எந்தச் சபை?" என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்கத் தயக்கமாக இருந்தால் கட்டிலருகே இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள்: 'செபம்' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் கத்தோலிக்கர், 'ஜெபம்' என்றிருந்தால் மற்ற சபையார்.