மரப்பட்டை உரிவதும் உரிய மறுப்பதும்

தளிர்விடும் பருவத்தில் வெட்டிய மரத்தின் பட்டை நீண்ட கீற்றுகளாகக் கழன்று வருகிறது. அதே மரத்தை வளர்ச்சி ஓய்ந்த பருவத்தில் வெட்டினால், அது துணுக்குத் துணுக்காகவே பெயர்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், பட்டைக்கும் உள்மரத்துக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய திசு.

கேம்பியத்தின் செல்கள் பிரிந்து, உட்புறம் சைலம் என்ற நீர் கடத்தும் மரத்திசுவையும் வெளிப்புறம் புளோயம் என்ற உணவு கடத்தும் உள்பட்டைத் திசுவையும் உண்டாக்குகின்றன. வளரும் காலத்தில் புதிதாகப் பிறந்த செல்களின் சுவர்கள் மெலிந்தும் உள்ளே நீர் நிறைந்தும் இருப்பதால், பக்கவாட்டில் சிறிது விசை கொடுத்தாலே அந்த அடுக்கு கிழிந்துவிடுகிறது. வளர்ச்சி நின்றதும் சுவர்கள் தடித்து, பிணைப்பு பல மடங்கு இறுகுகிறது. வெட்டிய மரம் காயக் காயவும் இதே இறுக்கம் ஏற்படும் என்பதால், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் பட்டையை வெட்டிய சூட்டோடு உரித்துவிடுவதே நல்லது. உடனே முடியாதபோது தடிகளின்மேல் நீர் தெளித்து ஈரம் காப்பார்கள்.

ஆக, பட்டை நீக்குவது வெட்டும் வேலையல்ல, பலவீனமான ஓர் அடுக்கைப் பிளக்கும் வேலை. மழுங்கிய முனையே இங்கு மேலானது என்பது தச்சுவேலை பழகியவருக்குச் சற்று விசித்திரமாகப் படலாம். ஆலைகளில் சுழலும் வளையத்தில் பொருத்திய மழுங்கிய கரங்கள் பட்டையைத் துளைத்து, கடினமான உள்மரம் தடுக்கும் ஆழத்தில் நின்று, அதைச் சுரண்டித் தள்ளுகின்றன. காகிதக்கூழ் ஆலைகளிலோ பெரிய இரும்பு உருளைக்குள் தடிகள் ஒன்றோடொன்று உராய்ந்தே பட்டையை இழக்கின்றன. பட்டை மிஞ்சினால் காகிதத்தில் கரும்புள்ளிகள் விழும். இருகைப்பிடிக் கத்தியால் சீவினால் காய்ந்த பட்டையும் போகும், ஆனால் கொஞ்சம் மரமும் சேர்ந்தே போகும்.

தோட்டத்தில் நடும் கழிகளுக்குப் பட்டை பகை. அது ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. அதன் அடியில்தான் பட்டை வண்டுகள் முட்டையிடுகின்றன. நாடுவிட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகளுக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதியும் இதனால்தான் பட்டை நீக்கச் சொல்கிறது. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள எச்சங்களை, நீளம் எவ்வளவாயினும், அது பொறுத்துக்கொள்கிறது; அதைவிட அகலமானவை என்றால், ஒவ்வொரு துண்டின் பரப்பும் 50 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

உரித்த கழி வேகமாகக் காயும். வெயிலில் போட்டால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி வெடிக்கும் என்பதால், நிழலில் இடைவெளிவிட்டு அடுக்க வேண்டும். உரித்த பட்டையைச் செடிகளின் அடியில் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும், களையும் குறையும்.