தன்பாலீர்ப்பு

"இந்தப் பழக்கம் அவனுக்கு எந்த ஹாஸ்டல்ல ஒட்டிக்கிச்சு?"

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று மகன் சொன்ன மறுநாள் என் அத்தை கேட்டது இது. அவருக்குத் தெரிந்த ஒரே சொல் செய்தித்தாளில் படித்த 'ஓரினச்சேர்க்கை'. பழக்கம், ஒட்டிக்கொள்வது என்ற நினைப்பெல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

மூலச்சொல் 'ஹோமோசெக்சுவல்'. ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டித்த பிரஷ்ய (அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்று) சட்டத்தை எதிர்த்து, எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி 1869-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பிரசுரத்தில் அது முதலில் அச்சேறியது. உரிமை கேட்கப் பிறந்த சொல்! அப்புறம் மருத்துவர்கள் கைக்குப் போய் நோயின் பெயராகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்க 1990 ஆனது.

'ஹோமோ' கிரேக்கம், 'ஒரே' என்று பொருள். 'செக்சுவல்' என்பதன் லத்தீன் வேர் ஆண், பெண் என்ற பாலைக் குறிப்பது. தமிழில் அதை உடலுறவாகக் கொண்டு 'சேர்க்கை' ஆக்கிவிட்டார்கள். 'ஓரினம்' அதைவிடப் பிழை. ஆணும் பெண்ணும் ஒரே மனித இனம்தானே? தொல்காப்பியக் காலத்திலிருந்து ஆண்பால், பெண்பால் என்று சொல்லி வருகிறோம், இனம் எதற்கு?

சேர்க்கை ஒரு செயல். செயல் என்றால் விட்டுவிடச் சொல்லலாம், திருத்தலாம், தண்டிக்கலாம். இந்த உறவைக் குற்றமாக்கிய, 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 377-வது பிரிவும் செயலைத்தான் பார்த்தது. வயதுவந்த இருவர் மனமொத்து இணைவது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல்தான். அமெரிக்காவில் 1977-ல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, இந்த ஈர்ப்பு பிறவியிலேயே அமைவது என்றவர்கள் 13 சதவீதம், வளர்ப்பும் சூழலும் காரணம் என்றவர்கள் 56 சதவீதம். பிறவியில் அமைவது என்று கருதுவோரிடம் உரிமைகளுக்கு ஆதரவு கூடுதலாக இருப்பதையும் அங்கே கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன.

தன் + பால் + ஈர்ப்பு. யாரையும் தொட்டே இராத பதினேழு வயதுப் பையனுக்கும் இந்தச் சொல் பொருந்தும். 'ஓரினச்சேர்க்கையாளர்' அவனுக்கு எப்படிப் பொருந்தும்? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. செய்தியறைகள் அதை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தையிடம் 'தன்பாலீர்ப்பு' என்று சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அவனுக்குப் பிடிச்ச பையன்னு யாராச்சும் இருக்கானா?" என்று கேட்டார்.