ஏற்பிகளின் போக்குவரத்தும் கண்வலி வைரஸும்

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மதுரைப் பள்ளி ஒன்றில் ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்தால், ஓரிரு நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சிவந்துவிடுகிறது. மதுரையிலும் 'மெட்ராஸ் ஐ' என்றே வழங்கும் இந்தக் கண்வலி பெரும்பாலும் அடினோ வைரஸாலும், சில சமயம் காக்சாக்கி ஏ24 என்னும் வைரஸின் திரிபாலும் வருகிறது. சிவந்த கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது உண்மையன்று. கண்ணைக் கசக்கிய கையும் பலர் துடைத்த துண்டுமே வைரஸைக் கொண்டுசேர்க்கின்றன. ஆனால் கண்ணை வந்தடைவது வேறு, கண்ணின் மேற்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்லுக்குள் நுழைவது வேறு.

நுழைவதற்குச் செல்லின் மேற்பரப்பில் பொருத்தமான ஏற்பி, அதாவது வைரஸ் பற்றிக்கொள்ளக்கூடிய புரதம், இருக்க வேண்டும். காக்சாக்கி ஏ24 திரிபு பற்றிக்கொள்வது ஐகேம்-1 என்னும் புரதத்தை. சளி உண்டாக்கும் ரைனோ வைரஸ்களில் பெரும்பாலானவையும் இதையே பற்றுகின்றன. வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துவதற்காக உடல் வைத்திருக்கும் புரதம் அது, வைரஸுக்காக வைத்ததன்று.

ஏற்பியைச் சுவரில் அடித்த ஆணி போல நிலையானதாகப் பாடநூல் படங்கள் காட்டுவதுதான் சிக்கல். மாட்டுத்தாவணியில் எந்த நேரம் பார்த்தாலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பேருந்துகள் நிற்கும், ஆனால் காலையில் நின்ற பேருந்து மதியம் அங்கே இருக்காது, ஏற்பிகளும் அப்படித்தான். கொழுப்புத் துகளை உள்ளே கொண்டுசெல்லும் எல்.டி.எல். ஏற்பி, கிளாத்ரின் புரதம் பூசிய குழியில் இறங்கி, எண்டோசோம் என்னும் பைக்குள் சென்று, அங்குள்ள அமிலத்தன்மையில் சுமையை விட்டுவிட்டு, சுமார் 10 நிமிடங்களில் மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்த ஏற்பியின் செயல்பாட்டை வெளிக்கொணர்ந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ரைனோ வைரஸ்களில் ஒரு சிறு பிரிவு இதே எல்.டி.எல். ஏற்பியில் ஏறிக்கொள்கிறது, கொழுப்பை இறக்கிவிடச் செய்யும் அதே அமிலத்தன்மை வைரஸின் கூட்டைத் திறந்து மரபுப்பொருளை வெளியே விடுகிறது. ஆகவே ஒரு செல் எவ்வளவு எளிதில் தொற்றுக்கு உள்ளாகும் என்பது, மேற்பரப்பில் இந்த நொடி எத்தனை ஏற்பிகள் நிற்கின்றன என்பதை மட்டுமின்றி, எத்தனை உள்ளே போகின்றன, எத்தனை திரும்புகின்றன, எத்தனை லைசோசோம் என்னும் சிதைப்புப் பைக்குப் போய்ச் சிதைகின்றன, எத்தனை புதிதாக உருவாகின்றன என்பதையும் பொறுத்தது. பிசிஎஸ்கே9 என்னும் புரதம் எல்.டி.எல். ஏற்பியோடு ஒட்டிக்கொண்டால், அந்த ஏற்பி திரும்பி வராமல் அழிவுக்கே செல்கிறது.

எனக்கு இதில் மிகவும் வியப்பளிப்பது ஐகேம்-1 நடந்துகொள்ளும் விதம். அழற்சி தொடங்கியதும் செல்கள் அதைக் கூடுதலாக உற்பத்தி செய்கின்றன. ரைனோ வைரஸ் தொற்றே மூச்சுக்குழாய் எபிதீலியத்தில் அதன் அளவை உயர்த்துகிறது. வெள்ளணுக்களை அழைக்கும் ஏற்பாடு வைரஸுக்கும் கூடுதல் வாசல்களைத் திறந்துவிடுகிறது.

ஏற்பியை மருந்தால் மூடிவிடலாமே என்றால், மூடிய ஏற்பிகளுக்குப் பதிலாகச் செல் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் மறுபக்கத்திலிருந்தும் முயன்றார்கள்: வைரஸை ஏமாற்றிப் பிடிக்க, செல்லோடு ஒட்டாமல் தனியே கரைந்திருக்கும் ஐகேம்-1 மருந்தை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முடிவுகளின்படி சளியின் கடுமை குறைந்தது. ஆனால் அதை நாளொன்றுக்கு ஆறு முறை தெளிக்க வேண்டியிருந்தது.