இ-பாஸ் இருந்தால் காட்டுக்குள் போகலாமா?

போன கோடையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பாட்டியும் கைக்குழந்தையுமாக, மலைமேல் ஒரு வனச் சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் நின்றது. "பாஸ் இருக்கே சார்" என்று அப்பா செல்போனை நீட்டினார். "இது வண்டிக்கு. ஃபாரஸ்ட் பர்மிட் எங்கே?" என்றார் காவலர். இரண்டும் வேறு என்று அடிவாரத்தில் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தை ஏற விடுகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ கால் வைக்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

முதலில் இ-பாஸ். அதற்குக் கட்டணம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் வாங்கும் காசு டைப் அடித்ததற்கு மட்டும்தான். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் கிடைக்கும், ஆளுக்கு இல்லை. வாடகைக் கார்க்காரர் காலையில் "அந்த வண்டி ரிப்பேர், வேற வண்டி அனுப்புறேன்" என்றால், கிளம்பும் முன்பே புது எண்ணுக்குப் பாஸ் எடுத்துவிடுங்கள். சாவடியில் போய் விளக்கம் சொல்லிப் பயனில்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதனால் சீசனில் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தேடாதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே தேவையில்லை. இதை மட்டும் ஏனோ யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அப்புறம் காடு. கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கு வனத்துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதிலும் வண்டிகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. யானை வந்துவிட்டால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தகவல் கொடைக்கானல் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். முந்தின நாள் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். முதல் தடவை எடுக்க மாட்டார்கள், திரும்பவும் போடுங்கள்.

மலையேற்றம் என்றால் இன்னும் கவனம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தளம் 40 பாதைகளோடு தொடங்கியது. பதிவும் பணம் கட்டுவதும் ஆன்லைனில்தான், கூட வழிகாட்டியும் வருவார். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது பாதைகளை மூடிவிடுவார்கள். விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் தேதியில் அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது வேறு இடத்தில். "நம்ம பையன் கூட்டிட்டுப் போவான், பர்மிட் எல்லாம் வேணாம்" என்பார் விடுதிக்காரர். மசினகுடிப் பக்கம் "நைட் சஃபாரி" என்று ஜீப்காரர்கள் கூப்பிடுவார்கள். வனத்துறை இரவில் சஃபாரி நடத்துவதே இல்லை. பிடிபட்டால் கூட்டிப்போனவரோடு நீங்களும் குற்றவாளிதான். "எனக்குத் தெரியாது சார்" எடுபடாது. முதுமலை வழியாக மைசூரு போய்த் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று: பந்திப்பூர் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். பத்து நிமிஷம் தாமதம் என்றால்கூட ராத்திரி முழுக்கக் காரில்தான்.

அபராதம் போட்டால், அதை 'இணக்கக் கட்டணம்' என்பார்கள், ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் "குறைச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றால் கொடுக்காதீர்கள். ரேஞ்சரிடம் பேச வேண்டும் என்று அமைதியாகச் சொல்லுங்கள். ரசீது கைக்கு வந்ததும், எந்தச் சட்டப்பிரிவு எழுதியிருக்கிறது என்று அங்கேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள்.