குப்பை வண்டி வரும்போது எங்கே இருக்கிறீர்கள்? தைவானில் ஆங்கிலம் கற்பிப்போரின் பணிச்சோர்வு

தைவானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் என்னிடம் முதல்முறை ஆலோசனைக்கு வரும்போது, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரித்த பிறகு தவறாமல் ஒன்று கேட்பேன்: "வீட்டில் குப்பை எத்தனை நாளாகச் சேர்ந்திருக்கிறது?"

அங்கே வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். தைபேயிலும் அதைச் சூழ்ந்த புதிய தைபேயிலும் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. குறித்த நேரத்தில் பீத்தோவனின் மெட்டு ஒன்றை ஒலித்தபடி மஞ்சள் வண்டி தெருமுனைக்கு வரும். பையோடு காத்திருந்து நம் கையாலேயே போட வேண்டும். பெரிய அடுக்குமாடிகளில் தனி ஏற்பாடு உண்டு. ஆசிரியர்கள் வாடகைக்கு எடுக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. பல தெருக்களுக்கு வண்டி வருவது மாலையிலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கும்தான். புதனும் ஞாயிறும் வராது. ஊரே பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், இந்த ஆசிரியர்கள் வகுப்பில் இருப்பார்கள்.

அவர்களில் பலருக்கு வேலை 'பூஷிபான்'களில். நம் ஊர் டியூஷன் சென்டர் போன்றவை. பள்ளி முடிந்த பிள்ளைகள் நாலு மணிக்கு மேல் வருவார்கள், கடைசி வகுப்பு ஒன்பது மணி வரை போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தாள். கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண், வயது இருபத்தேழு. அவள் அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். முதல் நாள் அவள் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "அக்கா, பிள்ளையளில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா வகுப்புக் கதவுப் பிடியில கை வைக்கேக்க சத்தி வாற மாதிரி இருக்கு." (ஈழத்தமிழில் 'சத்தி' என்றால் வாந்தி.)

கைப்பிடியில் கை வைத்தபடி மூன்று வரை எண்ணுவாளாம். பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறப்பாள். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். ஒட்டும் பந்தைப் பலகையில் எறியும் விளையாட்டு, படஅட்டைகள், பாட்டு, கைதட்டல். கதவில் பதித்த கண்ணாடி வழியாகச் சில நேரம் ஒரு தாய் பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது நிமிடம் முடிந்ததும் அடுத்த அறை, அடுத்த கைப்பிடி, மறுபடி மூன்று வரை எண்ணல். ஒரு நாளைக்கு ஐந்து முறை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் 'பர்ன்அவுட்' என்ற இந்தப் பணிச்சோர்வுக்கு விளக்கம் இருக்கிறது. அதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் கசப்பு வருவது, 'நான் செய்வதில் பயனே இல்லை' என்று தோன்றுவது. பாதிக்கப்பட்டவர்களோ இதைத் தங்கள் குணக்கேடு என்றே நினைக்கிறார்கள். "நான் சோம்பேறியாகிவிட்டேன்", "எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்காமல் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். இந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வைக்காமல் வேறு எதைச் சொன்னாலும் ஏறாது.

வகுப்பு எண்ணிக்கையை விட எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. நாள் முழுக்க இவர்கள் பேசுவது ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும் ஆங்கிலம். வெளியே வந்தால் சீனம். கடைப் பலகையிலிருந்து வங்கிக் கடிதம் வரை படிக்கத் தெரியாத எழுத்து. மனதில் இருப்பதை முழு வாக்கியமாக ஒரு பெரியவரிடம் சொல்லாமலே வாரம் ஓடிவிடுகிறது. "என்ர இங்கிலீசே சுருங்கிப் போச்சு அக்கா" என்றாள் அந்தப் பெண். கூடவே நிறம். "நீ உண்மையில் எந்த நாடு?" என்ற கேள்வியை அவள் வாரம்தோறும் எதிர்கொண்டாள். விளம்பரப் படங்களில் வெள்ளைக்கார ஆசிரியர்களை மட்டும் முன்னால் நிறுத்தியதையும் பார்த்தாள். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, ஏனென்றால் வேலை போனால் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும்.

இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு. பிறகு விடிகாலை இரண்டு வரை கைபேசி. சீனத்தில் இதற்கு 'பழிவாங்கும் கண்விழிப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பகல் பிடுங்கிக்கொண்டதை இரவிடமிருந்து வசூல் செய்வது. இப்படி விழித்திருப்பவரை 'சீக்கிரம் தூங்கு' என்று அதட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவருக்கென்று இருப்பது அந்தச் சில மணி நேரம் மட்டும்தான். வேறு நேரம் கிடைத்தால்தான் அதை விடுவார்.

ஆகவே தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, அவளுடைய கால அட்டவணையை எடுத்து வைத்தோம். வாரம் 25 மணி நேர வகுப்பு. தயாரிப்பு, திருத்தம், மாணவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது எல்லாம் கணக்கில் இல்லை. மணிநேரத்தைக் குறைத்தால் வேலை அனுமதி ரத்தாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தாள். பூஷிபான் வழியாக அனுமதி பெற்றவர்களுக்குக் குறைந்தபட்சம் வாரம் 14 மணி நேரம் என்பதுதான் விதி. அதற்கும் அவளுடைய 25க்கும் நடுவே எவ்வளவு இடம்! விதிகள் மாறக்கூடியவை, ஒப்பந்தத்திலும் தனி எண் இருக்கலாம். அதனால் பேச்சைத் தொடங்கும் முன் 1955க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான அந்த இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். பாதியில் விலகினால் அபராதம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோபத்தில் ராஜினாமா எழுதிவிட்டு, பிறகு அதைப் படித்துத் தலையில் கை வைத்தவர்களை அறிவேன்.

மேலாளரிடம் 'சோர்வாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் 'ஜியாயோ' என்று உற்சாகப்படுத்தி அனுப்பிவிடுவார். அவள் ஒரே ஒரு கோரிக்கையோடு போனாள்: வியாழன் கடைசி இரண்டு வகுப்புகளை அடுத்த பருவத்திலிருந்து வேறொருவருக்குத் தர வேண்டும், அதுவரை அவரைப் பழக்கிவிடுகிறேன் என்று. மற்றவர் முன்னால் கேட்கவில்லை, தனியாகக் கேட்டாள். 'முகம் காப்பது', அதாவது நாலு பேர் முன்னால் ஒருவரின் மதிப்புக் குலையாமல் பார்த்துக்கொள்வது, அந்த ஊரில் சாதாரண விஷயமல்ல. மூன்று வாரம் இழுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். சம்பளம் குறைந்தது. அது எளிதாக எடுத்த முடிவு என்று சொல்லமாட்டேன்.

விடுமுறையில் நாலு நாள் நன்றாக இருந்து, வேலைக்கு முந்தைய இரவு நெஞ்சு கனத்தால் அது பெரும்பாலும் பணிச்சோர்வு. விடுமுறையிலும் எதிலும் ருசியில்லை, காலையில் எழுவதே வீண் என்று தோன்றுகிறது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவப் பிரிவை அங்கே 'ஷென்ஷின் கே' என்பார்கள். உடல்-மனப் பிரிவு என்று பொருள். முறையாக வேலை செய்பவர் கையில் தேசியக் காப்பீட்டு அட்டை இருக்கும், அதைக் காட்டிச் சிறு கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். இரத்தசோகை, தைராய்டு சோதனையும் செய்யச் சொல்வேன். நெருக்கடியான இரவுகளுக்கு 1925 என்ற எண், நாள் முழுவதும் இயங்கும். சீனத்தில் அந்த எண்ணை உச்சரித்தால் 'இன்னமும் என்னை நேசி' என்பது போல ஒலிக்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வியாழன் கிடைத்த முதல் வாரம் அவள் குப்பைப் பையோடு தெருமுனையில் நின்றாள். சமைத்த மிச்சத்தையும் காய்கறித் தோலையும் ஒரே பீப்பாயில் கொட்டப் போனவளை ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டுக்கும் வேறு வேறு பீப்பாய் என்று காட்டிக்கொடுத்தார். அடுத்த வியாழன் அவரே தைவானிய மொழியில் 'ஜியா பா பே?' என்றாராம். எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, அதுக்கு 'சாப்பிட்டாச்சா' எண்டு அர்த்தமாம். எங்கட அம்மம்மா கேக்கிற மாதிரியே!"

இப்போது வாரம் 18 மணி நேரம் கற்பிக்கிறாள். திங்கட்கிழமை முதல் வகுப்பில் மட்டும் கை இன்னும் கைப்பிடியில் கொஞ்சம் தயங்குகிறதாம். தயங்கிய அன்றைக்கு எனக்கு எழுதுகிறாள்.